கண் பக்கத்தில்

காரா-தால்,
ஜனவரி 11, 2009

அன்புள்ள அசில்குல் அத்தைக்கு,

அதினாய் எழுதுவது. இங்கே தாத்தா, அப்பா, அம்மா, நான், ஏழு ஆடுகள், ஒரு பசு எல்லாரும் சுகம். கால்நடையை விசாரிக்காத கடிதத்தைத் தாத்தா கடிதம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. உங்களுக்குக் கால்நடை கிடையாது என்பதால், உங்கள் மாணவர்கள் சுகமா என்று கேட்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. முக்கோண அளவுகோலை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். நன்றி அத்தை. தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வீடே சுற்றி நிற்கிறது, தாத்தா பிடுங்கிக்கொண்டு பிஷ்கெக்கில் பனி எவ்வளவு என்று கத்துகிறார். கடிதத்தில்தான் என்னால் வாக்கியத்தை முடிக்க முடிகிறது.

இலையுதிர்காலத்தில் உங்கள் மாணவர்கள் வந்து பெண்களையெல்லாம் கேட்டு எழுதிப் போனார்களே, நீங்கள் நம் ஊருக்காக வரையும் அந்தக் குளியல் வீட்டைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேச்சு. நேற்று பக்கத்து வீட்டு பெர்மெத் அக்கா, இடுப்பு வலியோடு நொண்டிக்கொண்டு வந்து கேட்டார்.

"வெயில்லயே தண்ணி சுடுமாமே, நெசமா?"

"ஆமாக்கா. துணி துவைக்கத் தனி அறை, குளிக்கத் தனி அறை."

"மேகம் வந்துச்சுன்னா?"

தாத்தா குறுக்கே விழுந்தார். "மேகம் வந்தா என்ன? நீ குளிக்கிற அன்னிக்கு வெயில் தானா அடிக்கும். மாசத்துக்கு ஒரு நாளுதானே."

அம்மா சிரிப்பைத் தலைத்துணியில் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மாவின் விரல்கள் ஐஸ் தண்ணீரில் துவைத்துத் துவைத்து மணிக்கட்டு வரை வெடித்திருக்கின்றன. மே மாதம் கட்ட ஆரம்பிப்பார்கள் என்று நான் சொன்னால், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறார்.

அம்மா உங்களை விசாரித்தார். "வரையிறவங்க சுகமான்னு எழுது" என்றார். கணவரின் அக்கா பெயரை அவர் எப்படிச் சொல்வார்? உங்கள் பெயரில் பூ என்று பொருள்படும் 'குல்' இருப்பதால் பதினாறு வருடமாகப் பூவையே பூவென்று சொன்னதில்லை. 'சிவப்பு' என்பார். மஞ்சள் பூவையும்.

மார்ச் 19-ஐக் காலண்டரில் வட்டமிட்டிருக்கிறேன். அன்றைக்கு நீங்கள் துணைப் பேராசிரியர்.

உங்கள் கால் குளிராமல் இருக்கட்டும்.
அதினாய்

*

பிஷ்கெக்,
ஜனவரி 30

என் அதினாய்க்கு,

மாணவர்கள் சுகம். இருமுகிறார்கள், ஆனால் தீனி எடுக்கிறார்கள். தாத்தாவிடம் சொல்.

நான் பாடம் நடத்த வந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. முதல் பத்து வருடம் நாணலையும் களிமண்ணையும் பற்றிப் பேசியதற்கு 'மண்ணம்மா' என்று பெயர் வைத்தார்கள். உயரமான கண்ணாடிக் கட்டடம் வரைகிறவர்கள்தான் மேலே ஏறினார்கள். இப்போது விறகும் நிலக்கரியும் விலை ஏறியதும், "அந்த மண்ணம்மாவைக் கூப்பிடுங்க" என்கிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: "நீங்க வரைஞ்ச இந்தக் கட்டடத்துக்குள்ள யாரால வர முடியாது?" போன வாரம் ஒரு பையன் சொன்னான், "எங்க அப்பா, மேடம். அவருக்கு நான் படிக்கிறதே பிடிக்கல." வகுப்பு அரை மணி நேரம் அடங்கவில்லை.

தேர்வுக்குழுவின் முன் நான் வைக்கும் ஆய்வு உங்கள் குளியல் வீடுதான். நம் நாட்டில் இதுவரை ஒரு பொதுக் கட்டடத்துக்கான இடத்தை மருமகள்களிடம் கேட்டு யாரும் தீர்மானித்ததில்லை. எர்மெக்கும் மற்ற மாணவர்களும் நாற்பத்தொரு பெண்களைக் கேட்டார்கள். முப்பத்தாறு பேர் மருத்துவ நிலையத்தின் பக்கத்தில் வேண்டும் என்றார்கள், ஐந்து பேர் ஊற்றருகே என்றார்கள். கட்டுரை அச்சாகிவிட்டது. அந்த அட்டவணையை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

வரைபடத்தின் பிரதி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டு. பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுது. நீ நன்றாகப் பார்க்கிறவள்.

எல்லாருக்கும் என் வணக்கம், உன் அம்மா சூராவுக்கு இரண்டு.
அத்தை

*

காரா-தால்,
பிப்ரவரி 17
(அன்று அனுப்பாத கடிதம்)

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். ஆனால் ஒன்று சரியில்லை.

வரைபடத்தை ஒட்டினேன். கீழ்த்தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு முறை தலையாட்டினார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரில் பெண்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது தேநீர் குடிக்காமல் இருப்பதுபோல. எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

"ஏம்மா யாரும் சந்தோஷப்படல?"

"சந்தோஷம்தான். நல்லா வரைஞ்சிருக்காங்க."

"எடம் நீங்கதானே சொன்னீங்க?"

"நாங்க எங்கடி மருத்துவ நிலையம்னு சொன்னோம்? கண் பக்கத்துலன்னு சொன்னோம்."

அத்தை, தாத்தாவின் பெயர் புலாக்பாய். புலாக் என்றால் ஊற்று. கீழ்த்தெரு முழுக்கத் தாத்தாவின் வம்சம், அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மருமகளும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. ஊற்றுக்கண்ணில் ஊற்றை விழுங்கிவிட்டுக் கண்ணை மட்டும் சொல்கிறார்கள். "கண்ணுக்குப் போய்ட்டு வரேன்" என்றால் குடத்தோடு போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எர்மெக் அண்ணனுக்குத் தெரியாது. மருத்துவ நிலையத்தின் சுவரில், முன்பு கண் பரிசோதனைக்காரர்கள் வரைந்துவிட்டுப் போன பெரிய கண் இருக்கிறதே, அதைப் பார்த்திருப்பார். முப்பத்தாறு பேரும் இப்படித்தான். அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய மேல்தெருப் பெண்கள் ஐந்து பேர்தான் ஊற்று என்று சொன்னவர்கள்.

மருத்துவ நிலையம் பெரிய சாலையில், பெரியவர்கள் உட்காரும் பலகைக்கு நேர் எதிரே இருக்கிறது. அழுக்கு மூட்டையோடு போய் ஈரத்தலையோடு மாமனார்கள் முன்னால் எந்த மருமகள் வருவாள்? கட்டி முடித்தாலும் யாரும் போகமாட்டார்கள். அம்மா பழையபடி ஐஸை உடைத்துத்தான் துவைப்பார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அவங்க என் வீட்டுக்காரரோட அக்கா. படிச்சவங்க. நீங்க தப்பா வரைஞ்சிருக்கீங்கன்னு நான் சொல்றதா? நீயும் எழுதிடாதே. அடுத்த மாசம் அவங்களுக்குப் பரீட்சை மாதிரி ஏதோ இருக்குன்னு சொன்னியே. சாப்பிடுற தட்டுல மண்ணைப் போடாதே."

இதை உறையில் போட்டேன். வெளியே எடுத்தேன். மறுபடி போட்டேன்.

*

காரா-தால்,
பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் நலம். தங்கள் நலத்தை அறிய விரும்புகிறோம். வரைபடம் சுவரில் ஒட்டப்பட்டது. பெண்கள் பார்த்தார்கள். மிக நன்றாக இருப்பதாகக் கூறினார்கள்.

இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகை. பசு கன்று ஈன்றது.

ஒரு சந்தேகம். அச்சான கட்டுரையில் தவறு இருந்தால் திருத்த முடியுமா? பள்ளிப் பாடத்துக்காகக் கேட்கிறேன்.

அதினாய்

*

பிஷ்கெக்,
மார்ச் 4

அதினாய்,

கன்றுக்கு வாழ்த்து. உனக்கு இல்லை.

'தங்கள் நலத்தை அறிய விரும்புகிறோம்' என்று எழுதினாயே, நீ யார், கிராம நிர்வாகமா? உன் கடிதத்தில் ஒரு அடித்தல் கூட இல்லை. நீ அடித்தல் இல்லாமல் எழுதினால் பொய் எழுதுகிறாய் என்று அர்த்தம். ஏழு வயதிலேயே அப்படித்தான்.

அச்சானதைத் திருத்தலாம். கட்டியதைத் திருத்துவதுதான் கஷ்டம். ஒரு முறை, சின்னக் குழந்தைகளுக்கென்று வாசலையெல்லாம் தாழ்வாக வைத்து நான் வரைந்த பள்ளியில் ஆசிரியைக்குக் குனிந்தே நடந்து முதுகு பிடித்துக்கொண்டது. அவர் மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. "நீங்க வருத்தப்படுவீங்கன்னு" என்றார். அந்த மூன்று வருடத்தை நினைத்துத்தான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

பெண்கள் 'கூறினார்கள்' என்று எழுதாதே. என்ன சொன்னார்களோ அதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுது. சொல்லாமல் விட்டதையும் எழுது.

அத்தை

*

காரா-தால்,
மார்ச் 10

அன்புள்ள அத்தைக்கு,

இதோடு இருப்பது பிப்ரவரி 17-ஆம் தேதி எழுதியது. அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். அதில் நிறைய அடித்தல் இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். 19-ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேருமா, பின்னால் வந்து சேருமா என்று தெரியவில்லை. எது நல்லது என்றும் தெரியவில்லை. பின்னால் சேரட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் என்மேல் கோபப்பட்டாலும் அம்மாமேல் கோபப்படாதீர்கள்.

அதினாய்

*

காரா-தால்,
ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா? நிஜமாகவே கேட்கிறேன்.

மார்ச் 19 போயிற்று. நூருஸ் பண்டிகை போயிற்று. உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நேற்று தொலைபேசியில் தாத்தாவிடம் "எல்லாம் நல்லாயிருக்குப்பா" என்று மட்டும் சொன்னீர்களாம். தாத்தா வைத்துவிட்டு, "இவ குரல்ல ஏதோ ஈரமிருக்கு" என்றார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவங்க பிழைப்பு போச்சுன்னா அது என் நாக்கால போனது" என்றார். அதன்பின் அதிகம் பேசவில்லை.

திங்கட்கிழமை லாரியில் அஸ்திவாரக் கல் வந்து இறங்கியது, மருத்துவ நிலையத்தின் முன்னால்தான். மே 5 தோண்டுவார்களாம். அப்பா ஊர்த் தலைவரிடம் போய்க் கேட்டார். "முப்பத்தாறு பொம்பளைங்க கேட்ட எடம்யா, நீ ஒத்தை ஆள் மாத்தச் சொல்றியா?" என்று அவர் சிரித்தாராம். அச்சடித்த தாளைக் காட்டினாராம். உங்கள் கட்டுரைதான், அத்தை.

பதில் எழுதுங்கள். கோபமாகவாவது.

அதினாய்

*

பிஷ்கெக்,
ஏப்ரல் 9

என் அதினாய்க்கு,

உன் கடிதம் மார்ச் 18 மாலை வந்தது. சீக்கிரம் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். கோபத்தால் இல்லை, வெட்கத்தால்.

மறுநாள் குழுவின் முன் நின்று, "அட்டவணை தவறு, முப்பத்தாறு பேரும் சொன்ன இடம் வேறு" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "என் அப்பா பெயரால" என்றேன். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டத்தை இரண்டு வருடம் தள்ளி வைத்துவிட்டார்கள். வேலை இருக்கிறது, பாடம் நடத்தலாம். இருபத்துமூன்று வருடம் விரிவுரையாளர், இன்னும் இரண்டு வருடம் விரிவுரையாளர். அதனால் என் தலை ஒன்றும் சொட்டையாகிவிடாது. சூராவிடம் இதை அப்படியே படித்துக்காட்டு. பிழைப்பு போகவில்லை. போயிருந்தாலும் அது என் காதால் போனதே தவிர அவள் நாக்கால் இல்லை.

எர்மெக் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. அவன்மேல் தவறில்லை. அவன் நகரத்துப் பையன், கண் என்று கேட்டான், கண்ணைத் தேடினான். அவன் குறிப்பேட்டில் 'கண் பக்கத்தில்' என்று முப்பத்தாறு முறை அப்படியே எழுதியிருக்கிறது. அதை நான் படித்தேன், அதினாய். அந்த ஊரில் பிறந்த நான் படித்தேன், அந்தச் சுவரில் வரைந்த கண்தான் எனக்கும் நினைவுக்கு வந்தது. நான் மகள். அந்தச் சொல்லை எனக்கு யாரும் தடுத்ததில்லை. காலையில் எழுந்ததும் "புலாக்குக்குப் போறேன்" என்று கத்திக்கொண்டே ஓடுவேன். எந்த வீட்டுக்கும் மருமகளாகப் போகவும் இல்லை. யாரால் உள்ளே வர முடியாது என்று வருடா வருடம் கேட்கிறவள், என் அம்மாவே அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றதைக் கவனித்ததில்லை.

நீ பின்னால் சேரட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தாயே, நானும் 18-ஆம் தேதி ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். நாம் இருவரும் சமம்.

தலைவருக்குத் திருத்தக் கடிதம் போட்டிருக்கிறேன். "பெண்கள் மறுபடி சொல்லட்டும்" என்கிறார். வகுப்புகளை விட்டு என்னால் இப்போது வரமுடியாது. ஆனால் இந்த முறை யாரும் எதையும் சொல்ல வேண்டாம். வந்து இறங்கிய கல் இருக்கிறதே? ஆளுக்கு ஒன்று எடுத்து, எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய் வைக்கட்டும். நீ எண்ணி எழுது.

நன்றி, என் அடித்தல்காரியே.
அத்தை

*

காரா-தால்,
ஏப்ரல் 27

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். கன்றும் சுகம். அம்மா பேசுகிறார். வேகமாக எழுதுகிறேன், கை வலிக்கிறது, முடியாதவர்களுக்கு நானும் கல் தூக்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரியவர்கள் வழக்கமான பலகையில். முதலில் ஒருவரும் கல்லைத் தொடவில்லை. பெர்மெத் அக்காதான் குனிந்து ஒன்றை எடுத்தார். இரண்டடி நடந்து, மருத்துவ நிலையத்தின் வாசலிலேயே வைத்துவிட்டார். நான் அவரிடம் ஓடினேன்.

"ஏன்க்கா?"

"அன்னிக்கு எல்லாரோடயும் சேர்ந்து சொல்லிட்டேன். என் இடுப்பை வெச்சுக்கிட்டு நான் பள்ளத்துல எறங்குறதா? அவங்கவங்க ஆசையைத்தானே கேட்டீங்க?"

பிறகு அம்மா எடுத்தார். அதில் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்தார். யாரையும் பார்க்காமல் சாலையைக் கடந்து கீழே நடந்தார். அவர் பின்னால் எல்லாரும்.

தாத்தா பலகையிலிருந்து எழுந்துவிட்டார். "எங்கம்மா எல்லாரும் கல்லைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டீங்க?"

பின்னால் வந்த ஒரு சின்ன மருமகள், தலையைக் குனிந்துகொண்டு, "கண்ணுக்கு, தாத்தா" என்றாள்.

"கண்ணுல கல்லா? யாரு கண்ணுல?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருவர் கையிலிருந்து கல் விழுந்து உருண்டது. பிறகு நான்தான் தாத்தாவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என் பேரால ஒரு வீடே எடம் மாறிப்போச்சா? எம்பது வருசமா இந்தப் பேரை வெச்சிருக்கேன், இப்படி ஒரு வேலை செஞ்சதில்ல அது." பிறகு சத்தமாக, "மருமகளுங்களா, இன்னிலேருந்து சொல்லிக்கங்க. நான் அனுமதி தரேன். புலாக்! சொல்லுங்க பார்ப்போம்!"

ஒருவரும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அம்மா என் காதில், "நாக்குக்குக் கூச்சமா இருக்குடி. அவரு பேரு அவருகிட்டயே இருக்கட்டும், நமக்கு வீடு வந்தாப் போதும்" என்றார்.

எண்ணிக்கை: மொத்தம் நாற்பத்தொன்று. ஊற்றருகே முப்பத்தெட்டு. மருத்துவ நிலையத்தில் இரண்டு, பெர்மெத் அக்காவும் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் அவருடைய ஓரகத்தியும். மீதி ஒன்றை மேல்தெருவில் ஒருவர் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். முட்டைக்கோஸ் ஊறல் பீப்பாய்மேல் வைக்க இதைவிட நல்ல கல் கிடைக்காதாம். அட்டவணையில் அதை எப்படி எழுதுவது?

தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மே மாதக் கடைசியில் ஊற்றருகே தோண்டுகிறார்கள். அத்தை, உங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடினேன், அகராதியிலும் பார்த்தேன். நீங்கள் குழுவின் முன்னால் நின்றதை நினைத்துக்கொள்கிறேன்.

அதினாய்

*

பிஷ்கெக்,
மே 8

என் அதினாய்க்கு,

முட்டைக்கோஸ் கல்லை அட்டவணையில் தனி வரியாக எழுதியிருக்கிறேன். வகுப்பில் தவறான அட்டவணையையும் உன்னுடையதையும் பலகையில் அருகருகே எழுதினேன். எர்மெக்கே எழுந்து விளக்கினான். காது சிவந்துவிட்டது, ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கோடையில் கட்டுகிறவர்களோடு தங்கிக் களிமண் மிதிக்க வருகிறான். வயிறு நிறையச் சோறு போடுங்கள்.

புதிய வரைபடம் இதோடு இருக்கிறது. சரிவுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறேன். அழுக்குத் தண்ணீர் நாணல் பாத்தி வழியாக இறங்கித் தோப்புக்குப் போகும், ஊற்றைத் தொடாது. ஆனால் பெர்மெத்துக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு பேர் ஜெயித்தார்கள் என்று அந்த இருவரை விட்டுவிட்டால், நான் இத்தனை வருடம் பாடம் நடத்தியது வீண்.

இதைச் சூராவிடம் கொடு. கூடவே ஒரு பென்சிலும். இருபத்துமூன்று வருடத்தில் எத்தனையோ பேர் என் படங்களைத் திருத்தியிருக்கிறார்கள், அந்தக் கட்டடத்தில் துணி துவைக்கப்போகிற ஒருவர்கூடத் திருத்தியதில்லை. எனக்கு அந்தப் பாக்கியம் வேண்டும்.

அத்தை

*

காரா-தால்,
மே 19

மரியாதைக்குரிய வரைகிறவர் அவர்களுக்கு,

சூரா எழுதுவது. பதினாறு வருடத்தில் உங்களுக்கு இது என் முதல் கடிதம். பெரியவரும் உங்கள் தம்பியும் சுகம். உங்கள் தம்பிக்கு மட்டும் பல்வலி. கால்நடைகளும் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

எனக்கு அதினாய் மாதிரி எழுத வராது. படத்தை மூன்று நாள் பார்த்தேன். அண்டை வீட்டாரும் வந்து பார்த்தார்கள்.

நீங்கள் வைத்த கதவு சாலையைப் பார்க்கிறது. மேலே பலகையில் உட்கார்ந்தவர்களுக்கு உள்ளே நிற்பவர் தெரியும். அதனால் கதவை மலைப்பக்கம் திருப்பினேன். ஜன்னல் எங்கள் தலைக்கு மேலே போகட்டும், வெளிச்சம் வந்தால் போதும். துணி உலர்த்தும் கயிறு உள்ளேயே இருக்கட்டும், எங்கள் துணியை ஊர் பார்க்க வேண்டாம். அடுப்புப் பக்கம் ஒரு திண்டு போட்டேன், கைக்குழந்தையைப் படுக்க வைக்க. பெர்மெத்துக்காகச் செங்குத்தான பாதையை விட்டுவிட்டு, தோப்பைச் சுற்றி வருகிற பழைய ஆட்டுப்பாதையை வரைந்திருக்கிறேன். அது நீளம், ஆனால் ஏற்றம் தெரியாது. நேற்று அவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். நான்கு இடத்தில் மூச்சு வாங்க நின்றார். அந்த நான்கு இடத்திலும் உட்காரக் கல் போட வேண்டும், புள்ளி வைத்திருக்கிறேன். தன் கல்லைத் தானே எடுத்துவந்து முதல் புள்ளியில் போடுவதாகச் சொல்கிறார்.

பட்டம் கிடைக்காமல் போனதை அதினாய் படித்துக்காட்டினாள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. நீங்கள் எங்களுக்காக அவர்கள் முன்னால் தலைகுனிந்தீர்கள். நான் பிறந்த வீட்டிலும் சரி, இந்த வீட்டிலும் சரி, எனக்காக யாரும் அப்படிச் செய்ததில்லை. இதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நன்றி.

நீங்கள் போட்ட கதவை அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு எழுது என்று அதினாய் பக்கத்தில் நின்று சொல்கிறாள். நான் கேட்கவில்லை.

29-ஆம் தேதி தோண்டுகிறார்கள். அதற்குள் சரியாக வரைந்து அனுப்புங்கள்.

சூரா